கிராங்க் போல்ட்டா, ஜாக்கி போட்ட சக்கரமா? என்ஜினைக் கையால் சுற்ற எந்த வழி தேவலாம்

டாப்பட் (வால்வின் இடைவெளி) பார்க்க வேண்டும், கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுவது) திரும்ப உட்கார வைக்க வேண்டும். எந்த வேலையானாலும் ஒரு கட்டத்தில் சாவியைத் தொடாமல் என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு நாலைந்து வழிகள் உண்டு. ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் வழிதான் சரி என்று சத்தியம் செய்வார். என் வீட்டில் இருப்பது கார்புரேட்டர் காலத்து மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். இதில் எல்லா வழியையும் முயன்று பார்த்தாயிற்று.

எந்த வழியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுவது. பிளக் இருந்தால் சிலிண்டரில் காற்று நசுங்கும் ஒவ்வொரு கம்ப்ரெஷனிலும் என்ஜின் முட்டி நிற்கும், தாண்டியதும் துள்ளி ஓடும். வேண்டிய இடத்தில் நிறுத்தவே முடியாது. கழற்றும் முன் பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் போகும். பேட்டரி ஒயரையும் கழற்றி வைப்பது நல்லது.

சரி, முதல் போட்டியாளர் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டு) நுனியில் உள்ள புல்லியின் நடுவில் இருக்கும் போல்ட். சரியான சாக்கெட்டும் நீளமான பாரும் இருந்தால் போதும். போல்ட் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 17, 19, 22 என்று கையில் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். என்ஜின் குறுக்கே படுத்திருக்கும் வண்டிகளில் புல்லி சக்கரத்தின் பக்கம் பார்த்து இருக்கும். அதனால் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுக்க வேண்டியிருக்கலாம். இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது அந்த முன்வேலை மட்டும்தான். சாக்கெட் உட்கார்ந்துவிட்டால் ஒரு டிகிரி இரண்டு டிகிரி என்று நகர்த்தலாம். உள்ளே ஏதாவது தட்டினால் அது உடனே கைக்குத் தெரியும்.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு இந்த உணர்வுதான் என்ஜினைக் காப்பாற்றும். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தால் கிராங்கிலும் கேம்ஷாஃப்ட்டிலும் உள்ள குறிகள் பொருந்தாது. பல பற்கள் தள்ளிப் போயிருந்தால், சில என்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டும். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் அது 'டக்' என்று நிற்கும், நீங்களும் நிறுத்திக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் நிறுத்தாது, வால்வை வளைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். இதே இடத்தில் சிலர் கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்தின் போல்ட்டைப் பிடித்து என்ஜினைச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். முழுப் பாரமும் பெல்ட்டின் வழியாகப் போகும்.

திசையையும் பார்க்க வேண்டும். புல்லிக்கு எதிரே நின்று பார்த்தால் பெரும்பாலான என்ஜின்கள் கடிகாரச் சுற்றுதான். பழைய ஹோண்டா டி வரிசை போன்றவை எதிர்ப்பக்கம் சுற்றும். எந்த என்ஜினானாலும் அது ஓடும் திசையில்தான் சுற்ற வேண்டும். எதிராகச் சுற்றினால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் தளர்ந்து பல் தாண்ட வாய்ப்புண்டு. கடிகாரச் சுற்று என்ஜினில் போல்ட்டே கழன்றும் வரும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் இழுக்காமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள்.

இரண்டாவது வழி, வண்டியை மேல் கியரில் போட்டுத் தள்ளுவது. கருவியே வேண்டாம் என்பதால் இதற்கு ரசிகர்கள் அதிகம். கணக்கைப் பார்த்தால் குறை தெரியும். 800-ல் நாலாவது கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் என்ஜின் நாலு சுற்றுக்குப் பக்கம் சுற்றும். 12 அங்குல ரிம்மில் டயரின் சுற்றளவு 1.6 மீட்டர் வரும். ஆக வண்டி 40 சென்டிமீட்டர் நகர்ந்தால் என்ஜினுக்கு ஒரு முழுச் சுற்று. ஒரு சென்டிமீட்டருக்கு 9 டிகிரி. 600 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியை ஒரு சென்டிமீட்டர் கணக்கில் தள்ளி நிறுத்திப் பாருங்கள், புரியும். தள்ள ஒரு ஆள், குறி பார்க்க ஒரு ஆள், "போதும் போதும்" என்று கத்த ஒரு ஆள். உள்ளே எதாவது தட்டினாலும் வண்டியின் எடை அதை மிதித்துக்கொண்டு போய்விடும். டாப்பட்டுக்கு ஒப்பேற்றலாம். பெல்ட் வேலைக்கு வேண்டாம்.

இதே யோசனையின் திருத்திய பதிப்புதான் மூன்றாவது: முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, மேல் கியரில் வைத்து, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுவது. பார்க்க முந்தையது மாதிரியே இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. எதிர்ச்சக்கரம் தரையில் நிற்பதால், டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பங்கிடும் பல்சக்கரக் கூட்டு) தூக்கிய சக்கரத்துக்கு இரட்டை ஓட்டம் தருகிறது. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் என்ஜின் இரண்டே சுற்றுதான் சுற்றும். துல்லியம் அப்படியே இரட்டிப்பு! வண்டியும் நகராது, ஒரே ஆள் போதும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே ஸ்டாண்டு வையுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல்லும் போடுங்கள். அம்பாசடர், ஆம்னி போலப் பின்சக்கரம் ஓட்டும் வண்டியில் ஹேண்ட்பிரேக் சுற்ற வேண்டிய சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை விட்டுவிட்டு, முன்சக்கரத்தின் இருபுறமும் கல் போட வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் வண்டியில் தள்ளுவது, சக்கரம் சுற்றுவது இரண்டுமே பலிக்காது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வழியே அந்தச் சுற்று என்ஜினுக்குப் போய்ச் சேராது.

ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி நகர்த்துவது நாலாவது. கம்ப்ரெஷன் சோதனைக்கு அதுதான் வேண்டும், மறுக்கவில்லை. குறி பொருத்துவதற்கு என்றால் அது லாட்டரி. ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பிடித்து ஆல்டர்னேட்டர் நட்டைச் சுற்றுவதும் உண்டு. பிளக் கழற்றிய சின்ன என்ஜினில் நடக்கும், பெல்ட் வழுக்கினால் நடக்காது. கியர்பாக்ஸ் கூட்டில் இருக்கும் துளை வழியே ஃப்ளைவீல் பல்லைப் பெரிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது துல்லியமானது. ஆனால் நூற்றுச் சொச்சம் பற்களை ஒவ்வொன்றாக நெம்பப் பொறுமை வேண்டும், பல் உடையாமலும் பார்க்க வேண்டும். பெரிய டீசல் என்ஜின்களுக்கு இதற்கென்றே பாரிங் டூல் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடச் சுகமானது அம்பாசடரின் ஹேண்டில். முன்னால் நேராக நின்றுகொண்டு, பம்பர் துளை வழியே விட்டு, கிராங்கையே நேரடியாகச் சுற்றலாம். எட்டு வால்வு உள்ள அந்தப் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு 'ஒன்பது கணக்கு' என்று ஒன்று உண்டு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய். ஆறு திறந்திருந்தால் மூன்று. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஹேண்டிலும் அந்தக் கணக்கும் சேர்ந்தால் அரை மணியில் வேலை முடியும். என்ஜினைக் குறுக்கே படுக்க வைத்ததும் ஹேண்டிலுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

800-க்கு நான் செய்வது இது. புல்லியின் சுற்றை மூன்றாகப் பங்கிட்டுச் சாக்பீஸால் கோடு போடுவேன். சூடெல்லாம் ஆறிய பிறகு முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சிக்கு (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே நிற்கும் இடம்) கொண்டுவந்து, வால்வுகளை அழுத்தும் ராக்கர் இரண்டும் லேசாக ஆடுகிறதா என்று பார்த்து, இரண்டு டாப்பட்டையும் சரி செய்வேன். அங்கிருந்து 240 டிகிரி, அதாவது இரண்டு கோடு தாண்டினால் மூன்றாவது சிலிண்டர். இன்னும் இரண்டு கோடு தாண்டினால் இரண்டாவது. எரியும் வரிசை 1-3-2 என்பதால் இப்படி. சாக்கெட் இருந்தால் சாக்கெட், அது எட்டாத இடமென்றால் ஜாக்கி போட்ட சக்கரம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மட்டும் தேர்வே கிடையாது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருகியவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது. வளைவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. பிளக்கைக் கழற்றி, குட்டையான பிடி போட்ட சாக்கெட்டால், அதிகம் பலம் கொடுக்காமல் சுற்ற வேண்டும். பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டியபடியே மறந்து ஸ்டார்ட் செய்தால் அந்தப் பார் சுழன்று எதை உடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வேலை முடியும் வரை கார் சாவியை அந்தப் பாரின் நுனியிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பேன்.