பெட்ரோவாட்ஸ், பேகேஷ்சபா: ஸ்லோவாக் மொழி எங்கே நிலைத்தது?

இரண்டு ஊர்களையும் வளர்த்தவர்கள் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஸ்லோவாக் லூத்தரன் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) விவசாயிகள்தான். ஆனால் இன்று மொழியைக் காதாரக் கேட்க, செர்பியாவின் பாச்கி பெட்ரோவாட்ஸுக்குத்தான் போகச் சொல்வேன். அங்கே 1919 முதல் ஸ்லோவாக் வழி மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. அந்த ஊர் இருக்கும் வோய்வோதினா மாகாணத்தின் ஆட்சிமொழிகளில் ஸ்லோவாக்கும் ஒன்று. தேவாலயத்திலும் கடைத்தெருவிலும் அதே பேச்சு. அப்புறம், அதே மாகாணத்துக் கோவாச்சிட்சாவின் ஸ்லோவாக் விவசாயிகள் வளர்த்த ஓவியக்கலை 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

ஹங்கேரியின் பேகேஷ்சபாவில் கதை வேறு. ஹங்கேரிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் இடையே நடந்த 1946-48 மக்கள் பரிமாற்றத்தில், ஹங்கேரி முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லோவாக்கியர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஸ்லோவாக் பள்ளி இருக்கிறது. ஆனாலும், தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழியே ஹங்கேரியன் ஆகிவிட்டது.