கம்பம் நம்பரும் டியூஷன் போஸ்டரும்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என் அனுபவம்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தப்போதான் இது பழக்கமாச்சு. எந்தெந்த ரோட்ல தண்ணி நிக்குதுன்னு ஜனங்களே மார்க் பண்ற மேப் ஒண்ணு அப்ப சுத்திட்டு இருந்துச்சு, மாமா வீட்டுக்கு போய் ஃபோன் சார்ஜ் ஏறினதும் வேளச்சேரில எங்க தெருவ அதுல போட்டேன். அதுக்கு அடியில இருந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேணா திருத்தலாம், டேட்டாவ யார் வேணா எடுத்துக்கலாம், காசு கிடையாது.

இப்ப ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆப் வெச்சிருக்கேன் (ஆண்ட்ராய்டு). நடந்து போறப்ப இந்த ரோட்ல விளக்கு இருக்கா, பிளாட்பாரம் இருக்கான்னு கேக்கும், பதில் சொன்னா நேரா மேப்ல ஏறிடும். ராத்திரி சாப்ட்டு நடக்கறவங்களுக்கு செம டைம்பாஸ். ஆனா விளக்கு இருக்குன்னுதான் போடலாம், இன்னிக்கு எரியலன்னு போட முடியாது, அது மேப்போட வேலையும் இல்ல.

அதுக்குன்னு ஒரு புகார் ஆப்ல போட்டோவோட போட்டேன், மறுநாளே "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ், கம்பம் அப்பவும் இருட்டு. மூணு தடவை இதே கதை.

தண்ணி விஷயத்துல பாருங்க, குடிநீர் வாரியம் ஏரி அளவ தினமும் நெட்ல போடறாங்க, செம்பரம்பாக்கம் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடின்னு எங்க அப்பார்ட்மென்ட் மாமி வரைக்கும் மனப்பாடம், மழை வந்தா குரூப்ல முதல்ல விழறதே அந்த டேபிள்தான். தெருவிளக்குக்கு அப்படி ஒண்ணு என் கண்ணுல படல, சரி நாமளே பண்ணுவோம்னு இறங்கிட்டேன்.

ரெண்டு ஞாயித்துக்கிழமை, 31 கம்பம், ஒவ்வொண்ணையும் நம்பரோட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்தினேன். நம்பர் பெயின்ட்ல எழுதி இருக்கும், அது மேலயே டியூஷன் போஸ்டர் ஒட்டியிருப்பான், நகத்தால சுரண்டி சுரண்டி படிச்சேன், நாய் வேற. மேப்ப ஏ3 சைஸ்ல பிரின்ட் எடுத்து, எரியாத ஒம்பதையும் சிவப்பு பேனால சுழிச்சு ஏரியா சபைக்கு கொண்டு போனேன். (ஏரியா ஜனங்க கவுன்சிலர் கிட்ட நேரா குறை சொல்ற கூட்டம், 2022ல விதி வந்ததுல இருந்து நடக்குது, தேதிய மட்டும் நீங்களா விசாரிச்சு வெச்சுக்கணும்.) கவுன்சிலர் மேடம் வாங்கி பாத்துட்டு இன்ஜினியர் கிட்ட நீட்டினாங்க, அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "கம்பம் நம்பர் இருக்கா சார்?" இருந்துச்சு.

அந்த மாசத்துலயே ஆறு எரிஞ்சுது. மிச்சம் மூணுல ஒண்ணு எங்க வாசல்ல, அம்மா தினமும் கேக்கறாங்க.