வெப்ப உணரியா, புகை உணரியா? வேலூர்க் கட்டடங்களுக்கு எது பொருந்தும்

வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் விடுதி ஒன்றின் அறையில், கூரையில் பொருத்தியிருந்த ஸ்மோக் டிடெக்டருக்குப் பாலித்தீன் பையை மாட்டி, அது நழுவாமலிருக்க ரப்பர் பேண்டும் போட்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். அறைவாசிகளைக் குறை சொல்லவும் முடியாது. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் அறையிலேயே சமைத்துக்கொள்கின்றன. கடுகெண்ணெய் புகையும்வரை காய்ந்த பிறகே மீனை இடுவது அவர்கள் வழக்கம் என்பதால், மதியச் சமையல் தொடங்கியதும் அலாரம் அலறும். அந்த இடத்துக்குத் தவறான கருவியைத் தேர்ந்தெடுத்ததே இங்குள்ள கோளாறு.

புகை உணரிகளில் இன்று பரவலாக உள்ள வகை, தன் அறைக்குள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, நுழையும் துகள்களில் பட்டு அது சிதறும்போது தீ என்று கணிக்கிறது. துகள் எரியும் மெத்தையிலிருந்து வந்ததா, தாளிப்பிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஊதுவத்தியும் வெந்நீர் ஆவியும்கூட அதை ஏமாற்றும். வெப்ப உணரி, அதாவது ஹீட் டிடெக்டர், துகள்களைப் பொருட்படுத்துவதேயில்லை. அதில் இரு வகைகள் உண்டு. நிலைவெப்ப வகை, சுற்றியுள்ள காற்று குறித்த ஓர் அளவை, பொதுவாக 57 அல்லது 58 டிகிரி செல்சியஸை, எட்டியதும் ஒலிக்கும். உயர்வேக வகை, வெப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 டிகிரி என்ற வேகத்தில் ஏறினால், இறுதி அளவுக்குக் காத்திராமல் ஒலிக்கும். இரண்டாவதன் பழைய வடிவம் எளிமையானது, அழகானதும்கூட: ஒரு சிறு காற்றறையில் நுண்துளை ஒன்று இருக்கும், வெயிலில் மெல்லச் சூடேறும் காற்று துளை வழியே கசிந்துவிடும், தீயில் சட்டென்று விரியும் காற்று வெளியேற நேரமின்றி மெல்லிய தகட்டைத் தள்ளி மின்தொடர்பை ஏற்படுத்திவிடும். இப்போது பல கருவிகளில் அந்த வேலையை, வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் என்ற சிறு மின்னணு உறுப்பு செய்கிறது.

இவற்றில் எது முந்தும் என்று கேட்டால், உறங்கும் அறையைப் பொறுத்தவரை புகை உணரியே முந்தும். அதில் எனக்கு ஐயமில்லை. மெத்தையோ மின்கம்பியோ கனலும்போது முதலில் பரவுவது புகையும் கார்பன் மோனாக்சைடும்தான். கூரையருகே காற்று 57 டிகிரியை எட்டுவதற்குள் படுத்திருப்பவர் நினைவிழந்திருக்கக்கூடும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியபோது தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்ததை இவ்வூர் மறந்திருக்காது. வெப்ப உணரி முதன்மையாகக் கட்டடத்தையும் சரக்கையும் காக்கும் கருவி. உயிர் காக்கும் பொறுப்பை அதனிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஆனால் பழைய வடாற்காட்டின் தொழில்களைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் பிரிவில் எப்போதும் தூசி பறந்துகொண்டிருக்கும். அங்கே புகை உணரியை வைத்தால் ஒரே வாரத்தில் யாராவது இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். ஷூ தைக்கும் கூடங்களில் பயன்படும் பசைகளிலும் கரைப்பான்களிலும் தீ கனலாமல் குபீரென்று எழும் என்பதால், உயர்வேக வெப்ப உணரி அங்கே நன்றாகவே ஈடுகொடுக்கும். அதே உணரியைப் பிரியாணிக் கடையின் சமையற்கட்டில் மாட்டுவது மடத்தனம்: தம் உடைத்து மூடியைத் திறக்கும் நொடியில் மேலெழும் ஆவி அதற்குத் தீயாகவே படும். அங்கு நிலைவெப்ப வகையே ஏற்றது.

நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாதது கருவியின் வெப்ப வகுப்பு. ஐரோப்பியத் தரமான ஈஎன் 54, பகுதி 5, வெப்ப உணரிகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏ1 வகுப்பு அதிகபட்சம் 50 டிகிரி வரையிலான சூழலுக்கானது. 54 முதல் 65 டிகிரிக்குள் ஒலிக்க வேண்டும். பி வகுப்பு 65 டிகிரி வரை தாங்கும். 69 முதல் 85 டிகிரிக்குள் ஒலிக்கும். கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், தகரக் கூரைக்கு ஓரடி கீழே பிற்பகலில் எவ்வளவு இருக்கும் என்பதை ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே ஏ1 கருவியை மாட்டினால் மே மாதம் முழுவதும் பொய் அலாரம்தான். குளிரூட்டிய அலுவலகத்தில் பி வகுப்பை மாட்டினாலோ, காலம் தாழ்ந்தே அது விழிக்கும். தகரக் கூரையில் புகை உணரிக்கும் ஒரு தொல்லை உண்டு: கூரைக்கடியில் தேங்கிய சூட்டுக்காற்று ஒரு மெத்தைபோல் நின்று, தொடக்கத்தில் எழும் மெல்லிய புகையை மேலே ஏறவிடாமல் தடுத்துவிடும்.

செலவைக் கணக்கிடுபவர்கள் கருவியின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறு. ஒரு புகை உணரி ஏறத்தாழ 100 சதுர மீட்டரைக் கவனிக்குமென்றால், வெப்ப உணரிக்கு அதில் பாதிதான் கணக்கு. ஆகவே எண்ணிக்கையும் கம்பி வேலையும் கூடும். இந்தியாவில் தேர்வுக்கும் நிறுவலுக்கும் பராமரிப்புக்குமான நெறிமுறை ஐ.எஸ். 2189, ஒப்பந்தக்காரரிடம் அதன்படி வரைபடம் கேட்பது உரிமையாளரின் உரிமை.

தீயில் தானாக நீர் தெளிக்கும் தெளிப்பான், அதாவது ஸ்பிரிங்க்ளர், இருக்கும்போது உணரி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 68 டிகிரியில் உடையும் சிவப்புக் குமிழ் கொண்ட ஸ்பிரிங்க்ளரும் வெப்பத்துக்காகக் காத்திருப்பதுதான். அது தீயை அடக்கும், ஆனால் உறங்குபவரை உரிய நேரத்தில் எழுப்பாது.

அந்த விடுதி அறைக்குத் திரும்பினால், அடுப்பு மேடைக்கு மேலே நிலைவெப்ப உணரியும், கட்டில்கள் உள்ள பக்கத்தில் சமையற்புகை எளிதில் எட்டாத இடம் பார்த்துப் புகை உணரியும், வெளியே நடைக்கூடத்தில் இன்னொரு புகை உணரியும் வைப்பதே என் தேர்வு. இடையில் ஒரு தடுப்பும் மேடைக்கு மேல் புகைபோக்கி விசிறியும் அவசியம். அவை இல்லாவிட்டால் கடுகெண்ணெய் கட்டில் வரை வந்துசேரும், பாலித்தீன் பையும் கூடவே வரும்.