ஆங்கிலச் சொல் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

என் டீமில் வேலை செய்யும் பெண் என் மேஜை முன் வந்து நின்று இப்படிக் கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளுக்குப் பதவி உயர்வு கொடுக்கச் சொல்லி இரண்டு நாளுக்கு முன்பு படிவம் எழுதி அனுப்பியதே நான்தான். சிக்கலான ஒரு ப்ராஜெக்டை அவள் நடத்திக் கொடுத்த விதத்தைப் பாராட்டி, ஆங்கிலத்தில் 'ஈக்ரீஜியஸ் காண்டக்ட்' என்று எழுதியிருந்தேன். நிர்வாகம் இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்திருந்தேன்.

'ஈக்ரீஜியஸ்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் படுமோசமான, பொறுக்க முடியாத அளவுக்குத் தவறான என்று பொருள். ஹெச்.ஆர். ஆட்கள் நான் எழுதியதை ஒழுங்கீனப் புகாராக எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிச் சேர்ந்த ஓர் ஆன்லைன் வகுப்பு. முப்பதே நாளில் 5000 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம், ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஒரு தடித்த பிடிஎஃப் கொடுத்தார்கள். அதிலிருந்தே சொற்களை எடுத்துத் தினமும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதில் இந்தச் சொல்லுக்கு 'மிகச் சிறந்த, தனித்து விளங்கும்' என்று பொருள் போட்டிருந்தது. கண்டுபிடிப்புக்காக விஞ்ஞானி ஒருவர் கௌரவிக்கப்பட்டதாக ஒரு வாக்கியமும் இருந்தது. நம்பி எழுதினேன்.

அந்தப் பொருள் முழுக்கக் கற்பனையும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். லத்தீனில் அந்தச் சொல்லின் வேர் 'மந்தையிலிருந்து தனித்து நிற்பது'. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அதைப் புகழ்ச்சியாகவும் எழுதினார்கள். பிறகு அது வசைச் சொல்லாகத் திரும்பிவிட்டது. எப்போதோ வழக்கொழிந்த பொருளை எடுத்துப் போட்டு, அதற்குப் பொருத்தமாகத் தாங்களே ஒரு வாக்கியமும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று இரவு மொத்தப் பிடிஎஃப்பையும் நல்ல அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். 'ரிலக்டன்ட்' என்றால் 'அன்வில்லிங்' என்று இருக்கிறது. 'அன்வில்லிங்' பக்கத்துக்குப் போனால் 'ரிலக்டன்ட்' என்று இருக்கிறது. செக்குமாடு மாதிரி சுற்றி வர வேண்டியதுதான். 'ஆப்ஸ்டினேட்' (பிடிவாதமான) என்ற சொல்லுக்கு அதைவிடக் கடினமான 'பெர்ட்டினேஷியஸ்' விளக்கம். எந்தச் சொல்லிலும் இது பாராட்டா, வசையா, எழுத்துக்கு மட்டுமா, பேச்சுக்கும் ஆகுமா என்ற குறிப்பு கிடையாது. 'ஃபுல்சம்' என்பதற்கு 'நிறைவான' என்று போட்டிருக்கிறார்கள். ஒருவரைப் பற்றி 'ஃபுல்சம் ப்ரெய்ஸ்' என்று எழுதினால், அளவுக்கு மீறிய, உள்ளத்திலிருந்து வராத புகழ்ச்சி என்றுதான் பலர் படிப்பார்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இதைவிட மோசம். 'ஹீ இஸ் எ ரிலக்டன்ட் மேன்.' இதில் அந்தச் சொல்லை விரலால் மறைத்துப் பாருங்கள். நல்லவன், குண்டன், பணக்காரன், எதை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். நல்ல எடுத்துக்காட்டில் சூழலே பொருளைக் காட்டிக்கொடுக்கும். போன தடவை வண்டியை இடித்துக்கொண்டு வந்தவனுக்கு மறுபடி சாவி கொடுக்க அவள் ரிலக்டன்ட்டாக இருந்தாள் என்றால், தயக்கமும் விருப்பமின்மையும் சொல்லாமலே விளங்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' போட்டு ஒரு வினை வரும் என்பதும் கூடவே மனதில் ஏறும். அந்தப் பிடிஎஃப்பில் நான் விரலால் மறைத்துப் பார்த்த வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறவில்லை. ஓர் இடத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்றே அச்சாகியிருக்கிறது. 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வராது. நம்மில் பலரும் செய்யும் பிழை அது. அதைத் திருத்திக்கொள்ளத்தானே பணம் கட்டுகிறோம்?

5000 என்ற எண்ணுக்கும் வருகிறேன். சொற்களை அகர வரிசையில் அடுக்கியிருந்ததால் 'அட்வர்ஸ்', 'அவர்ஸ்' இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. முன்னது பாதகமானது, பின்னது பிடிக்காமை. இன்றுவரை எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885-இலேயே மறதியை அளந்து காட்டிவிட்டார்: திரும்பப் பார்க்காததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடும். இவர்கள் ஒரு சொல்லைக்கூட இரண்டாம் தடவை காட்டவில்லை. எங்கள் குழுவில் மேற்படிப்புக்காகச் சேர்ந்த பிள்ளைகள் நிறைய பேர். கல்லூரிப் பாட எழுத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகளை, ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியல் ஆய்வாளர் 2000-இல் பட்டியலாகவே தந்திருக்கிறார். 'அனலைஸ்', 'அஸ்யூம்', 'கான்செப்ட்' எல்லாம் அதில் முதலிலேயே வரும். அவற்றைத் தேடினேன், பிடிஎஃப்பில் இல்லை. எதிர்ச்சொல் கேள்விக்கு உதவும் என்று சொல்லி விற்றார்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்விலிருந்து அந்த வகைக் கேள்வியை 2011-இலேயே எடுத்துவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மேடம், பிடிஎஃப் டவுன்லோட் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் வராது" என்றார்கள். தவறான பக்கங்களைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறுவாரம் 5000 சொற்களில் தேர்ச்சி பெற்றதாக எனக்குச் சான்றிதழ் மெயிலில் வந்தது.

பணம் போனது போகட்டும். ஹெச்.ஆருக்கு நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவள் கோப்பிலிருந்து அந்தக் குறிப்பை எடுக்க வைத்தேன். ஆனால் அந்தச் சுற்றில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. "விடுங்க அக்கா" என்றுதான் சொன்னாள். என்னால்தான் விட முடியவில்லை.

இப்போது நான் பயன்படுத்துபவை எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாணவர் அகராதிகள். லாங்மேன் அகராதி 1978-இலிருந்தே சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கம் எழுதுகிறது, அதனால் ஒரு சொல்லுக்காக ஒன்பது சொல்லைத் தேட வேண்டியதில்லை. கோபில்ட் என்ற அகராதி 1987-இல் வந்தது. 'நீங்கள் இப்படி இருந்தால், இன்னது' என்று விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதும்; எடுத்துக்காட்டுகளையும் மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்திலிருந்தே எடுக்கும். கேம்பிரிட்ஜ் அகராதியில் வசைச் சொல் என்றால் பக்கத்திலேயே 'டிஸ்அப்ரூவிங்', அதாவது குறை சொல்லும் தொனி, என்று குறிப்பு இருக்கும். அந்த ஒரு குறிப்பு என் கண்ணில் பட்டிருந்தால் அவள் அன்று என் முன்னால் அப்படி வந்து நின்றிருக்க மாட்டாள்.

வகுப்பின் பெயரை மாற்றி மாற்றி விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. சேர்வதற்கு முன் மாதிரிப் பக்கங்கள் கேளுங்கள். 'ஈ' வரிசைப் பக்கம்தான் வேண்டும் என்று கேளுங்கள். 'ஈக்ரீஜியஸ்' என்ற இடத்தில் 'மிகச் சிறந்த' என்று இருந்தால், என்னிடம் இருக்கும் அதே பிடிஎஃப்தான் உங்களுக்கும் வரப்போகிறது.