ஏழு வருடமாகியும் நடுப்பாட்டில் அடைத்துக்கொள்ளும் டி விசில்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உன்னோட அயர்லாந்து விசில் இன்னும் உயிரோட இருக்கா? என்னோடது ரெண்டாவது மெட்டுலயே தொண்டை கட்டிக்குது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கட்டுமா?" பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பேச்சு முழுக்க மலிவான டின் விசிலைப் பற்றித்தான்: பித்தளைக் குழாய், பிளாஸ்டிக் தலை, ஆறு துளை, டி சுருதி. நம் கணக்கில் இரண்டு கட்டை. இந்த விலையில் கிடைக்கும் விசில்கள் ஏறக்குறைய ஒரே அமைப்புதான் என்பதால் கம்பெனி பெயர் வேண்டாம். ஏழு வருடம், அநேகமாகத் தினமும் அரை மணி நேரம் வாசித்த கணக்கு இது.

முதலில் அந்த அடைப்பு. மெட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது சுற்றில் கீழ் டி லேசாகக் கரகரக்கும். அடுத்த முறை அதே டி, ஊதும் பலம் கொஞ்சமும் மாறாமல், தானாக ஒரு ஸ்தாயி மேலே துள்ளும். அதற்குப் பிறகு நாலைந்து சுரத்துக்குள் வெறும் சீறல்தான். ரீல் என்ற வேகமான நடன மெட்டு என்றால் சுரங்கள் எட்டு எட்டாக இடைவெளி இல்லாமல் ஓடும், நிறுத்தித் துடைக்க இடமே கிடையாது. பக்கத்தில் ஃபிடிலும் ஃப்ளூட்டும் போய்க்கொண்டே இருக்கும், விசில் மட்டும் வழியில் உட்கார்ந்துவிடும்.

பலர் இதை எச்சில் என்று நினைத்து, ஊதும் முறையை மாற்றிப் பார்க்கிறார்கள். எச்சிலின் பங்கு குறைவு. மூச்சில் இருக்கும் ஈரம்தான் முக்கியக் காரணம். சூடான, ஈரம் நிறைந்த மூச்சு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டதும் நீராகிறது. பிளாஸ்டிக்கில் நீர் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். தலைக்குள் இருக்கும் காற்றுப் பாதையின் உயரமோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் ஒரு முத்து உட்கார்ந்தால், பட்டையாகப் போய்ப் பிளேடில் (தலையில் ஒலி பிறக்கும் கூர் விளிம்பில்) மோத வேண்டிய காற்று அங்கேயே இரண்டாகக் கிழிகிறது. கரகரப்பு அந்தக் கிழிசலின் சத்தம். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் ஜனவரிக் குளிரிலிருந்து பப்புக்குள் வந்து, பையைத் திறந்ததும் வாசிக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் இது நிச்சயம். ஏசி அறையிலும் இதே கதிதான்.

ஆகவே முதல் வேலை சூடேற்றுவது. தலைப் பகுதியை ஐந்து நிமிடம் அக்குளிலோ சட்டையின் உள்பாக்கெட்டிலோ வைத்திருங்கள். உள்ளங்கையில் பொத்தி வைப்பது போதாது, பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் சூடு ஏறாது. இதில் இன்னொரு பலனும் உண்டு. குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்). பத்து டிகிரி குளிர்ந்த விசில் 30 சென்ட் இறங்கித்தான் பேசும், அது காதில் நன்றாகவே தெரியும். சூடேற்றாமல் சுருதி பார்த்து, தலையை உள்ளே தள்ளி, பிறகு பாதி நேரத்தில் சுருதி ஏறிவிட்டதென்று மறுபடி வெளியே இழுப்பவர்கள் நிறையப் பேர்.

நடுப்பாட்டில் அடைத்தால் இரண்டு வழி. மூச்சு எடுக்கும் இடம் வந்ததும், வாயிலிருந்து எடுக்காமலே விசில் வழியாக வெடுக்கென்று உள்ளே உறிஞ்சுவது ஒன்று. அரை நொடி வேலை. நான்கு தடவைக்கு மூன்று தடவை சரியாகிவிடும். மெட்டு முடிந்த இடைவெளி என்றால், ஜன்னல்மேல் (பிளேடுக்கு முன்னால் தலையில் இருக்கும் திறப்பின்மேல்) ஆள்காட்டி விரலை வைத்து மூடிக்கொண்டு பலமாக ஒரே ஊது. மூடாமல் ஊதினால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சென்று கத்தும். விரல் பிளேடில் அழுந்தக் கூடாது. அது மெல்லிசு, ஒரு சின்ன மடிப்பு விழுந்தாலும் மேல் ஸ்தாயி போய்விடும்.

இதற்கெல்லாம் மேலான மருந்து பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு. அதைக் காற்றுப் பாதைக்குள் ஊற்றி, நாலு உதறு உதறி, அலசாமல் அப்படியே காயவிட வேண்டும். அலசினால் பயன் போயிற்று. காய்ந்தபின் உள்ளே நிற்கும் கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம், நீரை முத்தாகத் திரளவிடாமல் தகடாகப் பரப்பிவிடும். பரவிய நீர் காற்றை மறிக்காது, மெல்ல ஜன்னல் பக்கமாக வழிந்துவிடும். முதல் நாள் நாக்கில் லேசாகக் கசக்கும். தினம் அரை மணி வாசித்தால் மூன்று வாரம் தாங்கும், பிறகு மறுபடி செய்ய வேண்டும். விசிட்டிங் கார்டு, ஊசி, துணித் திரி எதையும் உள்ளே புகுத்தாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் போதும், அடுத்த துளி அங்கேதான் வந்து உட்காரும்.

ஏழு வருடமாக இதைச் செய்கிறேன். ஏழு வருடமாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என் கோபம். காற்றுப் பாதையின் உட்புறத்தை நீர் பரவும் விதமாக வார்த்தாலே அது திரளாது. வார்ப்பு அச்சில் ஒரு முறை செய்ய வேண்டிய மாற்றம் அது. 1843-ல் ராபர்ட் கிளார்க் தகரத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி விசில் செய்தபோது அதன் ஊதும் முனையில் மரக்கட்டை வைத்தார். மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் துளி சட்டென்று நிற்காது. அதே அமைப்பில் இன்றும் விசில் வருகிறது. அதற்கு மூச்சு அதிகம் வேண்டும், ஒலியில் காற்றுச் சத்தம் கலந்திருக்கும், நீண்ட நேரம் நனைந்தால் கட்டை உப்பும். ஆனாலும் நடுப்பாட்டில் இப்படிக் கழுத்தறுக்காது.

அடைப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இந்தக் கருவியைப் பாராட்ட நிறைய இருக்கிறது. ஆறு துளையையும் மூடினால் டி. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் நேராகச் சங்கராபரணம் வரும், அரைத்துளை எதுவும் தேவையில்லை. அதே துளைகளில் இ-யை ஆதாரமாக வைத்தால் கரகரப்பிரியா, ஏ-யை வைத்தால் ஹரிகாம்போதி. அயர்லாந்து நடன மெட்டுகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடங்களும் இவைதான். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903-ல் 1,850 மெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். அதைப் புரட்டினாலே டி, ஜி இரண்டும் எத்தனை தடவை வருகின்றன என்று தெரியும். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, அயர்லாந்தின் பைக்குழலான இல்லன் பைப்ஸுக்கும் விரல் பழக்கம் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. கிளேரில் உள்ள மில்டவுன் மல்பேயில் 1973 முதல் ஜூலைதோறும் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்குப் போனால், கையில் விசிலோடு அலையும் பிள்ளைகளைத் தெருவெங்கும் பார்க்கலாம்.

இந்த மலிவுக் குழாயின் உண்மையான அழகு ரோலில், அதாவது ஒரே சுரத்தை விரல் அசைவால் மட்டும் அலங்கரிப்பதில் தெரியும். ஜி சுரத்தில் ஒரு நீள ரோல் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கையின் மூன்று விரலும் மூடியிருக்கும். மோதிர விரலை ஒரு கணம் தூக்கி வைக்க வேண்டும். அது கட். கீழ் கையின் ஆள்காட்டி விரலால் அடுத்த துளையைத் தட்டி எடுக்க வேண்டும். அது டேப். மெட்டின் மூன்று சுரத்துக்கான நேரத்துக்குள் ஜி மூன்று தடவை பேசும், நடுவில் நாக்கு வேலையே கிடையாது. தூக்கிய விரல் ஏ என்ற சுரமாகக் காதில் விழுந்தால் அது தப்பு, ஒரு சொடுக்காக மட்டுமே கேட்க வேண்டும். மெல்லிய குழாய், சின்னத் துளை, விரல் நகரும் தூரம் கொஞ்சம். அதனால் இந்தச் சொடுக்கு பித்தளையில் கண்ணாடி உடைவது மாதிரி தெளிவாக விழும். கனமான அலுமினியக் குழாயில் செய்த, பல மடங்கு விலையுள்ள விசில்களில் ஒலி உருண்டையாக இருக்கும், சொடுக்கின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். ரோலுக்காக மட்டும் என்றால் இன்றும் நான் எடுப்பது இந்தப் பழைய பித்தளையைத்தான்.

சி நேச்சுரல், அதாவது ஷார்ப் இல்லாத வெறும் சி, ஒரு தனி வழக்கு. ஜி-யில் நிற்கும் மெட்டுகளுக்கு அது இல்லாமல் முடியாது. மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடுவதுதான் எல்லோரும் சொல்லித்தரும் விரலிடம். என் விசிலில் அது கொஞ்சம் ஏறிப் பேசுகிறது. கீழ் கையில் ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் சேர்த்து மூடினால் சரியாக உட்காருகிறது. வேகத்தில் முதல் வழியே போதும், மெதுவான மெட்டில் இரண்டாவது. ஒரே பிராண்டின் இரண்டு விசிலிலும் இது ஒரே மாதிரி இருக்காது, ட்யூனர் வைத்து அவரவர் விசிலைச் சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தலை பெரும்பாலும் பசை போட்டு ஒட்டித்தான் வரும். சுருதி மாற்ற அதைக் கழற்ற வேண்டும். தலையைக் குழாயோடு சேர்த்து வெந்நீரில் ஒரு நிமிடம் பிடித்து, துணியால் இறுக்கிப் பிடித்துத் திருகினால் விட்டுவிடும். கொதிக்கும் நீர் வேண்டவே வேண்டாம், காற்றுப் பாதை கோணிக்கொண்டால் திருத்த வழியில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். தளர்ந்தால் பிளம்பர் பயன்படுத்தும் வெள்ளை டேப் ஒன்றரைச் சுற்று போதும். அதற்கு மேல் சுற்றிவிட்டு அழுத்தினால் தலையின் கழுத்து விரியும், சில மாதத்தில் நீளவாக்கில் வெடிக்கும். என்னுடையது அப்படி வெடித்து, போன மாதம்தான் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே சூப்பர் க்ளூ விட்டுச் சரிசெய்தேன். சுருதியைக் கீழ் டி-யில் பார்க்காதீர்கள், மெதுவாக ஊதினாலே அது இறங்கும். இரண்டு விரல் மூடி வரும் ஏ-யில் பாருங்கள். ட்யூனர் 880 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும்.

கழற்றிய கையோடு இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். தலையைக் கவிழ்த்து உள்ளே பார்த்தால் காற்றுப் பாதையின் தரைக்குக் கீழே ஒரு வெற்றுக் குழி தெரியும். சுவரில் போஸ்டர் ஒட்டும் ப்ளூ டாக்கில் ஒரு பட்டாணிக்குக் கொஞ்சம் பெரிய உருண்டை எடுத்து அதில் அடைத்து, தரையின் விளிம்போடு சமமாகத் தட்டையாக்குங்கள். ஜன்னலுக்குள் ஒரு மயிரிழை நீட்டினாலும் விசில் பேசாது. சரியாக அமைந்தால் கீழ் டி கனக்கும், மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது வரும் விக்கல் குறையும். பிளேடு ஓரத்தில் வார்ப்புப் பிசிறு தெரிந்தால் புதிய சவரப் பிளேடால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். விசிலின் கூர் விளிம்பை மட்டும் தொடாதீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல் ஸ்தாயி ஏ, பி இரண்டும் பலமாக ஊதினால்தான் வரும், பயந்து ஊதினால் கீழே விழும். அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு மேல் வாசிக்கவே முடியாது. ஜன்னலின் ஒரு ஓரத்தை செல்லோடேப் துண்டால் மூன்றில் ஒரு பங்கு மறைத்தால் சத்தம் பாதியாகும், சுருதி கொஞ்சம் இறங்கும். பயிற்சிக்கு அது போதும்.

நண்பருக்கு நான் சொன்னது: இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். கழற்று, குழியை அடை, சோப்புத் தண்ணீர் விடு, ஒரு வாரம் வாசி. இதே வகையில் இன்னொன்று மட்டும் வாங்காதே. இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், இன்று காலை ஜிக் என்ற இன்னொரு வகை நடன மெட்டின் இரண்டாம் பாதியில், ரோல் அருமையாக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், மறுபடி அடைத்துக்கொண்டது. சோப்பு விட்டு நாலே நாள்தான் ஆகிறது. அடுத்த தடவை மரக்கட்டை வைத்த தகர விசில்தான் வாங்கப்போகிறேன். பித்தளை இப்போது சமையலறை மேடையில் தலை தனி, குழாய் தனியாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் மாட்டிப் பார்க்க வேண்டும்.