டெர்மினல் கோணலானால்: ரீசெட்டா, எஸ்டிடிஒய் சேனா, விண்டோவை மூடுவதா?

தண்டையார்பேட்டையில் என்னிடம் லினக்ஸ் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் எப்படியும் ஒருநாள் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடிக்கும் விண்டோவில், ஏதாவது படக் கோப்பைக் 'கேட்' கட்டளையால் திறந்துவிடுவார்கள். கோப்பில் இருப்பதை அது அப்படியே திரையில் கொட்ட, அப்புறம் வரும் எழுத்தெல்லாம் கோணலாகிவிடும். உடனே, "அண்ணா, வைரஸ் வந்துடுச்சு!" என்று குரல் வரும். வைரஸெல்லாம் இல்லை. உற்றுப் பார்த்தால் எண்களும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் ஒழுங்காகத்தான் இருக்கும். சின்ன எழுத்துகள் மட்டும் கோடும் மூலையுமாக மாறியிருக்கும்: 'எல்' அடித்தால் கட்டத்தின் இடது மேல்மூலை, 'க்யூ' அடித்தால் படுக்கைக் கோடு. 1978இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 என்ற, திரையும் விசைப்பலகையும் கொண்ட டெர்மினல் கருவியில் கட்டம் வரைய இப்படி ஒரு எழுத்துத் தொகுதி இருந்தது. இன்றைய டெர்மினல்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன. படக் கோப்பில் தற்செயலாக இருந்த சில பைட்டுகள் அந்தத் தொகுதிக்கு மாறச் சொல்லிவிட்டன, அவ்வளவுதான்.

பலரும் முதலில் அடிப்பது 'க்ளியர்'. குழாயில் கலங்கல் வரும்போது குடத்தைக் கழுவுகிற வேலை அது. திரை துடைக்கப்படும், அடுத்த வரி மறுபடி கோணலாகவே வரும்.

இன்னொரு கோளாறு உண்டு. ஏதோ ஒரு புரோகிராம் பாதியில் செத்துப்போகும், அப்புறம் நாம் அடிப்பது திரையில் தெரியாது, ஆனால் கட்டளை மட்டும் ஓடும். இங்கே எழுத்துத் தொகுதியில் குறையில்லை. லினக்ஸின் மையமான கெர்னல், டெர்மினலுக்கென்று வைத்திருக்கும் டிடிஒய் அமைப்பில் 'எக்கோ', அதாவது அடிப்பதைத் திரையில் திருப்பிக் காட்டும் வசதி, அணைந்து கிடக்கிறது. இதற்கு, அந்த அமைப்பைச் சீராக்கும் 'எஸ்டிடிஒய் சேன்' என்ற கட்டளை போதும். சட்டென்று முடியும், திரையில் இருந்ததும் அப்படியே இருக்கும். ஆனால் கோடும் மூலையுமான திரைக்கு அது ஒன்றும் செய்யாது.

'ரீசெட்' கட்டளை டெர்மினலின் எழுத்துத் தொகுதி, கெர்னலின் டிடிஒய் அமைப்பு என்ற இரண்டு பக்கத்தையும் தொடும். திரையில் இருந்தது போய்விடும், ஒரு நொடி தயங்கவும் செய்யும். பழைய நிஜ டெர்மினல் கருவிகள் நிதானத்துக்கு வர விட்ட அவகாசம் அது. எனக்குக் குறையாகப் படவில்லை. எது கெட்டது என்று புரியாதபோது நான் இதைத்தான் சொல்வேன். அடிப்பது தெரியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். என்டர் எடுபடவில்லையா, கன்ட்ரோல் ஜே, ரீசெட், மறுபடி கன்ட்ரோல் ஜே.

விண்டோவை மூடித் திறப்பது? சொந்த லேப்டாப்பில் சும்மா இருக்கும் டெர்மினல் என்றால் சரி. எஸ்எஸ்ஹெச் என்ற தொலைத்தொடர்பு வழியாக எங்கோ ஒரு சர்வரில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது, விண்டோ மூடினாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் போல எதுவும் இல்லாமல் மூடினால், அந்த வேலையும் சேர்ந்து சாக வாய்ப்பு அதிகம். இதைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே அந்தப் படக் கோப்பை, பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' கொண்டு திறந்திருந்தால், இது பைனரி கோப்பு (வெறும் எழுத்துக் கோப்பு அல்ல) போலிருக்கிறதே, பார்க்கத்தான் வேண்டுமா என்று அது கேட்டிருக்கும்.

தமிழ் எழுத்து குப்பையாக வருவது வேறு கதை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 'த' மூன்று பைட். விண்டோஸிலிருந்து சர்வரில் நுழையப் பலரும் பயன்படுத்தும் புட்டி என்ற மென்பொருள் அதை வேறு முறையில் படித்தால் ஒரு எழுத்து மூன்று குறியாகச் சிதறும். புட்டி அமைப்பில் 'விண்டோ' பகுதியில் 'டிரான்ஸ்லேஷன்' என்பதைத் திறந்து யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள், சர்வர் பக்கம் லோக்கேல் எனும் மொழி, எழுத்துமுறை அமைப்பையும் பாருங்கள். அதற்கும் பிறகு 'கொ' கொம்பும் காலும் பிரிந்து நின்றால், அது அந்த டெர்மினல் எழுத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் விதம். ரீசெட் அடித்துப் பயனில்லை, வேறு டெர்மினல்தான் பார்க்க வேண்டும்.