நீலகிரி லில்லியா, ஈஸ்டர் லில்லியா?

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தோட்டம் போடுபவர் வெள்ளை லில்லி தேடினால் எளிதில் கைக்கு வருவது ஈஸ்டர் லில்லி. அதே மலைகளின் உச்சிப் புல்வெளியில் தானாக முளைத்துப் பூக்கும் நீலகிரி லில்லியை உள்ளூர்க்காரர்களிலேயே பலர் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டும் லில்லியம் பேரினம்தான். (செங்காந்தளையும் மழை லில்லியையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை வேறு குடும்பங்கள்.)

இரண்டுக்கும் ஊமத்தம்பூ போல வாய் விரிந்த வெள்ளைக் குழல், நல்ல வாசம். ஈஸ்டர் லில்லியின் பூ 15 முதல் 18 செ.மீ. நீளம், ஒரே தண்டில் கொத்தாக வரும். நீலகிரி லில்லியின் பூ ஒரு சாணைத் தொடும். பால் ஏடு போன்ற நிறம். ஆனால் பெரும்பாலும் தண்டுக்கு ஒன்றிரண்டுதான். நிறையப் பூ வேண்டுமென்றால் முன்னது. மூடுபனிக்கு நடுவே புல்லுக்கு மேல் தனியாகத் தலைநீட்டும் அந்த ஒற்றைப் பூவிடம்தான் என் மனம் போகிறது.

குணத்தில் வேறுபாடு இன்னும் அதிகம். ஈஸ்டர் லில்லியின் சொந்த ஊர் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளும் தைவானும். மனிதர் அதை நன்றாகப் பழக்கிவிட்டார்கள். கிழங்கைச் சுமார் 1000 மணி நேரம் குளிரில் வைத்து, பண்டிகைக்குச் சரியாகப் பூக்க வைக்கிறார்கள். நீலகிரி லில்லி அப்படி யாருக்கும் வசப்பட்டதல்ல. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பூக்கும். அதன் தண்டு நேராக மேலே வராமல் மண்ணுக்குள் கொஞ்ச தூரம் ஊர்ந்துவிட்டே வெளியே தலைகாட்டும். சின்னத் தொட்டி அதற்கு ஒத்து வராது.

1853இல் இதைத் தனி இனமாக எழுதிப் பதிவு செய்தவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட். அவருடைய நூல்களின் தாவரப் படங்களைத் தீட்டிய ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னாளில் இதை இமயமலை லில்லி ஒன்றின் வகையாக வைத்தவர்களும் உண்டு. சோலையை ஒட்டிய புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டு நிரப்பியதில், அது வாழும் இடம் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே வீட்டுக்கு ஈஸ்டர் லில்லியையே வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதுவும் வேண்டாம். எந்த லில்லியம் ஆனாலும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். நீலகிரி லில்லியைப் புல்வெளியிலிருந்து தோண்டி எடுத்து வராதீர்கள். லில்லிக் கிழங்குக்கு வெங்காயத்தைப் போல மேல்தோல் கிடையாது, எடுத்த உடனே வாடத் தொடங்கும். ஈஸ்டர் லில்லியைப் பெருக்கவும் கடைக்குப் போக வேண்டியதில்லை. கிழங்கின் செதில்களைப் பூண்டுப் பல் போல உதிர்த்து, ஈர மணலில் புதைத்து வைத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் குட்டிக் கிழங்கு பிடிக்கும்.